உயிர்த் தொழில்நுட்பப் பட்டம்: நானும் சேர்ந்து விற்ற பெயர்ப்பலகை

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் எமது தமிழ்ப் பத்திரிகைகளை விரித்துப் பாருங்கள். செய்திகளுக்கு முன்னர் விளம்பரங்களே கண்ணில் படும். வெள்ளை மேலங்கி அணிந்த ஒரு மாணவி. கையிலே கண்ணாடிக் குழாய். குழாயினுள் நீல நிறத் திரவம். பின்னணியில் முறுக்கிய நூலேணி போல டி.என்.ஏ. வரைபடம். மருத்துவ பீடம் தவறியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஆறுதல் கூறும் ஒரு வரி. அதற்குக் கீழே, உயிர்த் தொழில்நுட்பவியலில் மூன்று வருட வெளிநாட்டுப் பட்டத்தைக் கொழும்பிலிருந்தே பெறலாம் என்ற அறிவித்தல்.

நாற்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில், செய்தி சேகரிக்கும் பொருட்டுப் பல ஆய்வுகூடங்களுக்குச் சென்றிருக்கிறேன். அங்கே நான் கண்ட திரவங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் போல நிறமற்றவை. விளம்பரத்தின் முதற்பொய் அந்த நீலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் மற்றவர்களின் பொய்யைப் பற்றி எழுதுவதற்கு முன்னர் என்னுடையதை ஒப்புக்கொள்ள வேண்டியது என் கடமை. அந்த விற்பனையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டு, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படையெடுத்தவர்களில் தனியார் கல்வி நிறுவனங்களின் முகவர்களும் அடங்குவர். மறுவருடம் ஏப்ரலில், மனித மரபணுத் தொகுதியின் வரிசையை வாசித்து முடித்துவிட்டதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் அனைத்தும் அதைக் கொண்டாடின. நான் அப்பொழுது பணியாற்றிய நாளிதழில் கல்வி இணைப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு நிறுவனம் தொடர்ச்சியாக அரைப்பக்க விளம்பரம் தரவிருக்கிறது, அதற்குத் துணையாக உயிர்த் தொழில்நுட்பம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று விளம்பரப் பகுதியினர் கேட்டார்கள். பொய் எழுதும்படி எவரும் என்னைக் கேட்கவில்லை. நிறுவனத்தின் கையேட்டை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் அதை ஓர் இரவுக்குள் நல்ல தமிழில் மொழிபெயர்த்து, மேலே மனித மரபணுத் தொகுதியைப் பற்றி இரண்டு பந்தி சேர்த்து, என் பெயரைப் போட்டுப் பிரசுரித்தேன். இருபத்தோராம் நூற்றாண்டு உயிரியலின் நூற்றாண்டு என்று எழுதினேன். இப்பட்டம் பெற்றவர்கள் வேலை தேடி அலைய வேண்டியதில்லை, வேலை அவர்களைத் தேடி வரும் என்றும் எழுதினேன். இப்பட்டம் பெற்ற ஒருவரையேனும் நான் அதற்கு முன்னர் சந்தித்ததில்லை.

சில வாரங்களுக்கு முன்னர் வடமராட்சியிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். என்னுடைய அந்தப் பழைய கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருந்து, அதை நம்பித் தமது இளைய மகனை அந்தப் படிப்பில் சேர்த்தவர். வீட்டு வளவை ஈடு வைத்தும், கனடாவில் இருந்த மூத்த மகளிடம் வாங்கியும் கட்டணம் செலுத்தியிருக்கிறார். மகன் நன்றாகப் படித்துப் பட்டமும் பெற்றார். அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்றார்கள். பாடசாலைக்கு ஆசிரியராகப் போக முயன்றார். பட்டத்திலுள்ள பாடம் பாடசாலைப் பாடமல்ல என்றார்கள். இன்று அவர் ஒரு மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாக வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் அலைகிறார். அது கௌரவமான உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வளவை ஈடு வைத்திருக்க வேண்டியதில்லை.

பெரியவர் என்னைத் திட்டுவதற்காக அழைக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஐயா, நீங்கள் அண்டைக்கு எழுதினதைப் பாத்துத்தான் இவனைச் சேர்த்தனான். இப்ப பேத்திக்கு ரிசல்ட் வந்திருக்கு. மெடிசினுக்குக் காணாது. பயோ சயன்ஸ் கிடைக்கும் எண்டு சொல்லுகினம். ஆனால் கொழும்பிலை அதே பயோடெக்னோலொஜிக்கு இடம் இருக்காம். என்ன செய்வம்?" என்று கேட்டார். இருபது வருடங்களுக்குப் பின்னரும் அந்த மனிதர் என்னிடமே கேட்கிறார். அவருக்கு நான் அன்று தொலைபேசியில் கூறிய பதிலை, அதே நிலையில் இருக்கும் ஏனைய பெற்றோருக்காகவும், அவர்களுக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளுக்காகவும் விரித்து எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். உயிர்த் தொழில்நுட்பம் என்பது படித்து முடித்துச் சென்று சேர வேண்டிய இடம். அதையே படிப்பின் தொடக்கமாக வைத்து, மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு முதற்பட்டமாக விற்பது ஒரு பெயர்ப்பலகை வியாபாரம். அந்தத் துறைக்குள் போக விரும்பும் பிள்ளை முதலில் இரசாயனவியலையோ, உயிர் இரசாயனவியலையோ, நுண்ணுயிரியலையோ, தாவரவியலையோ, விவசாய விஞ்ஞானத்தையோ, கணிதத்தையோ ஆழமாகப் படிக்கட்டும். உயிர்த் தொழில்நுட்பம் இரண்டாவது பட்டமாக வரட்டும்.

இதைச் சொன்னவுடன், காலத்துக்கு ஒவ்வாத கிழவனின் பேச்சு என்று சிலர் கூறுவார்கள். ஆகவே, இத்துறை உண்மையில் என்னவென்பதைச் சற்றுப் பார்ப்போம். 'பயோடெக்னோலொஜி' என்ற சொல்லை 1919இல் அறிமுகப்படுத்தியவர் கார்ல் எரெக்கி என்ற ஹங்கேரிய விவசாயப் பொறியியலாளர். பெருந்தொகையாகப் பன்றி வளர்த்து இறைச்சி உற்பத்தி செய்வதே அவரது அக்கறையாக இருந்தது. உயிர்களைக் கொண்டு மூலப்பொருளை விற்பனைப் பொருளாக மாற்றும் தொழில் என்பதே அவர் அச்சொல்லுக்குக் கொடுத்த பொருள். அதாவது, பிறக்கும்போதே அது ஒரு தொழிற்றுறையின் பெயர். இரசாயனவியல், பௌதிகவியல் என்பன போன்று ஓர் அறிவுத்துறையின் பெயராக அது பிறக்கவில்லை. 'கட்டட நிர்மாணம்' என்பது ஒரு தொழிற்றுறை. அதற்குள் மேசனும் இருக்கிறார், பொறியியலாளரும் இருக்கிறார், கணக்காளரும் இருக்கிறார். ஒவ்வொருவரும் வெவ்வேறு வேலையைக் கற்றுக்கொண்டு அங்கே வந்து சேர்கிறார்கள்.

எமது வீடுகளில் பலவற்றின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் ஒரு பொருளை உதாரணமாக எடுப்போம். இன்சுலின். 1921இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்ட நாள்தொட்டு ஆறு தசாப்தங்கள் அது பன்றியினதும் மாட்டினதும் சதையியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. ஓர் உயிரினத்தின் பரம்பரையலகை வெட்டி எடுத்துப் பற்றீரியாவுக்குள் புகுத்தும் வழியை 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹேர்பேட் போயரும் காட்டினார்கள். அதைப் பின்பற்றி 1978இல் கலிபோர்னியாவில் பற்றீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982இல் அமெரிக்க அரசு அதை விற்பனைக்கு அனுமதித்தது. உயிர்த் தொழில்நுட்பத்தின் முதலாவது பெருவெற்றி என்று எல்லாப் பாடநூல்களும் இதனையே கூறும்.

அந்த வெற்றிக்குள் இருந்தவர்கள் யார்? இன்சுலினுக்கான பரம்பரையலகை எழுத்தெழுத்தாகக் கோத்துச் செயற்கையாக உருவாக்கியவர்கள் சேதன இரசாயனவியலாளர்கள். அதைப் பற்றீரியாவுக்குள் செலுத்தியவர்கள் நுண்ணுயிரியலும் மூலக்கூற்று உயிரியலும் கற்றவர்கள். உருவான புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்கியவர்கள் உயிர் இரசாயனவியலாளர்கள். ஒரு சோதனைக் குழாயில் நடந்ததை ஆயிரக்கணக்கான லீற்றர் கொள்ளளவுள்ள நொதிக்கலத்தில் நடத்திக் காட்டியவர்கள் இரசாயனப் பொறியியலாளர்கள். மனிதர்களில் பரிசோதித்தவர்கள் மருத்துவர்களும் புள்ளிவிபரவியலாளர்களும். ஒவ்வொருவரும் ஒரு துறையை அடிவரை தெரிந்தவர்கள். எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஒருவருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை இருந்திருக்கும்?

இத்துறையின் பெரும் பெயர்களுடைய முதற்பட்டங்களைப் பாருங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் 1971இல் பரோடாவில் பௌதிகவியலில் பட்டம் பெற்றவர். 1976இல் கலாநிதிப் பட்டமும் பௌதிகவியலிலேயே. அதன் பின்னரே மீண்டும் மாணவனாகி உயிரியலைப் படித்தார். இறைபோசோமின் அமைப்பை விளக்கியமைக்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். நொதியங்களைக் கூர்ப்படையச் செய்யும் முறைக்காக 2018இல் நோபல் பரிசு பெற்ற பிரான்சஸ் ஆர்னோல்ட் இயந்திர, விண்வெளிப் பொறியியல் பட்டதாரி. பி.சி.ஆர். முறையை 1983இல் கண்டறிந்த கரி முல்லிஸ் முதலில் படித்தது இரசாயனவியல். கொரோனாத் தடுப்பூசிகளுக்கு வழிகோலிய தூது ஆர்.என்.ஏ. ஆய்வுக்காக 2023இல் நோபல் பெற்ற கற்றலின் கரிக்கோ ஹங்கேரியில் உயிரியலும் பின்னர் உயிர் இரசாயனவியலும் படித்தவர். 1978இல் பெங்களூரில் பயோகொன் நிறுவனத்தைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா விலங்கியல் பட்டதாரி. பின்னர் அவுஸ்திரேலியாவில் பியர் வடிக்கும் தொழிலைக் கற்றவர். ஹைதராபாத்தில் 1996இல் பாரத் பயோடெக் நிறுவனத்தை ஆரம்பித்த கிருஷ்ணா எல்லா, திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து விவசாய விஞ்ஞானம் படித்தவர்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அவர்கள் படித்த காலத்தில் உயிர்த் தொழில்நுட்பப் பட்டமே இருக்கவில்லையே, இருந்திருந்தால் அதைத்தானே படித்திருப்பார்கள் என்று கேட்கலாம். சரி, அப்பட்டம் எவ்வாறு தோன்றியது என்பதையும் பார்ப்போம். இந்தியா இத்துறையைத் திட்டமிட்டு வளர்க்க முற்பட்டு 1986இல் இதற்கெனத் தனி அரசாங்கத் திணைக்களத்தையே அமைத்தது. அந்நாட்களில் டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முதலியவற்றில் தொடங்கப்பட்டது முதுநிலைப் பட்டம். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், விவசாயம் போன்றவற்றில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களை நுழைவுத் தேர்வு வைத்து எடுத்தார்கள். எமது நாட்டிலும், கொழும்புப் பல்கலைக்கழகம் 2004இல் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழில்நுட்பவியல் ஆகியவற்றுக்கான நிறுவகத்தை அமைத்தபோது பட்டப்பின் படிப்பையே முதன்மையாகக் கொண்டது. துறையை அறிந்தவர்கள் அதை இரண்டாவது மாடியாகத்தான் கட்டினார்கள். சந்தையை அறிந்தவர்கள் கீழ் மாடியை விட்டுவிட்டு அதையே தரையில் இறக்கி வைத்தார்கள். 2000ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரிகளில் நடந்தது இதுவே. கொழும்பில் நடந்ததும் இதுவே.

மூன்று வருடங்களில் ஒரு பிள்ளைக்கு என்ன கற்பிக்கலாம்? பாடத்திட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றும். உயிர் இரசாயனவியல், நுண்ணுயிரியல், பிறப்புரிமையியல், நோயெதிர்ப்பியல், மூலக்கூற்று உயிரியல், இழைய வளர்ப்பு, உயிர்த்தகவலியல், நொதித்தல் தொழில்நுட்பம், வணிக முகாமைத்துவம், அறிவுசார் சொத்துச் சட்டம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், சிலவற்றுக்கு அரைப் பருவம். சேதன இரசாயனவியல் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். கணிதத்தைக் கண்டு பயந்த பிள்ளைகள்தானே வருகிறார்கள் என்று புள்ளிவிபரவியலைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுவார்கள். பிள்ளை வெளியே வரும்போது பத்துக் கதவுகளின் முன்னால் நின்று பார்த்திருக்கும், ஒன்றினுள்ளும் புகுந்திருக்காது.

செய்முறைக் கல்வியின் நிலை இன்னும் மோசமானது. இத்துறை கையால் கற்க வேண்டியது. சமையலைப் போல, அளவும் பதமும் நேரமும் பல தடவைகள் தவறிய பின்னரே கைக்கு வரும். அவ்வாறு தவறுவதற்குப் பணம் வேண்டும். நொதியங்களும் ஏனைய இரசாயனப் பொருட்களும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றவை, குளிரிலேயே வைத்திருக்க வேண்டியவை, காலாவதியாகின்றவை. முப்பது மாணவர்கள் ஒரே பி.சி.ஆர். இயந்திரத்தைச் சுற்றி நின்று, செய்முறை உதவியாளர் ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்குப் பெயர் செய்முறை வகுப்பு. 2022இல் டொலரின் விலை இருநூறு ரூபாயளவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் கேட்ட நிறுவனங்களில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த பெற்றோர் ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ரூபாய் தேட வேண்டியிருந்தது.

பட்டம் கிடைத்த பின்னர் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுவதைப் பிள்ளை காணும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பணியாற்ற அதற்கென உரிய பயிற்சியும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் வேண்டும். பிரித்தானியாவில் 'பயோமெடிக்கல் சயன்ரிஸ்ற்' என்ற பெயரைச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். வெள்ளை மேலங்கியும் டி.என்.ஏ. படமும் அந்தப் பதிவைப் பெற்றுத் தரா. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது, லுணுவிலையில் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. அங்கெல்லாம் உயிர்த் தொழில்நுட்ப ஆய்வு நடக்கிறது. ஆனால் தென்னையைப் பற்றியோ தேயிலையைப் பற்றியோ ஆழமாகத் தெரிந்த ஒருவர் போட்டிக்கு வரும்போது, எதைப் பற்றியும் பொதுவாகத் தெரிந்தவர் பின்னுக்குப் போய்விடுவார். பெரும் மருந்துத் தொழிற்சாலைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்சுலினையும் தடுப்பூசிகளையும் இறக்குமதி செய்து வாழும் நாடு இது. இவ்வளவு தொழிற்சாலைகள் உள்ள இந்தியாவிலேயே, பட்டம் முடித்தவர்களுக்கு நிறுவனங்களில் சில மாதங்கள் கைப்பயிற்சி அளிக்கும் திட்டமொன்றை அந்த அரசாங்கத் திணைக்களம் நடத்த வேண்டியிருந்தது. பட்டமே போதுமானதாக இருந்திருந்தால் அது எதற்கு?

இன்னொரு மறுப்பும் உண்டு. சாதாரண விஞ்ஞானப் பட்டதாரிகள் மட்டும் வேலையோடு இருக்கிறார்களா, மாவட்டச் செயலகத்தின் முன்னால் பந்தல் போட்டு இருந்தவர்களில் அவர்களும் இருந்தார்களே என்று கேட்பார்கள். உண்மை. நானே அந்தப் பந்தல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளையின் வீட்டு வளவு ஈட்டில் இல்லை. இரண்டாவது, இரசாயனவியல் படித்தவருக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. வன்னியிலும் மலையகத்திலும் உயர்தர இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்பிக்க ஆசிரியரின்றி விஞ்ஞானப் பிரிவையே நடத்த முடியாத பாடசாலைகள் பற்றி எத்தனையோ செய்திகளை நான் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நல்ல உயிர்த் தொழில்நுட்ப முதற்பட்டங்களே உலகில் இல்லை என்று நான் கூறவில்லை. அடிப்படை விஞ்ஞானத்தை முதல் இரண்டு வருடங்கள் இறுக்கமாகக் கற்பித்து, கடைசி வருடத்தில் ஆய்வுகூடத்திலேயே பிள்ளையை வாழ வைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. எமது அரச பல்கலைக்கழகங்களிலும், விவசாயக் கல்வியை அடித்தளமாக வைத்து இதைக் கற்பிக்கும் துறைகள் உண்டு. அவற்றின் சிறப்பு அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. இதுவே நான் சொல்லும் கருத்துக்குச் சான்று.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாம் ஏன் வாங்குகிறோம்? இதற்கான பதில் எமது சமூகத்தின் பழைய காயத்தில் இருக்கிறது. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்த நாள்தொட்டு, மருத்துவ பீட இடம் என்பது தமிழருக்கு ஒரு படிப்பாக மட்டும் இருந்ததில்லை. அது பறிக்கப்பட்ட ஒன்றின் அடையாளமாயிற்று. அது கிடைத்த வீட்டில் விழா, கிடைக்காத வீட்டில் துக்கம். மாவட்ட ஒதுக்கீடும் 'இசட்' புள்ளியும் வந்த பின்னரும் அந்த மனநிலை மாறவில்லை. கோயில் வீதியில் எதிர்ப்படுகின்றவர் "பிள்ளைக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டால், 'பயோ சயன்ஸ்' என்று சொல்வதற்குத் தாய்க்கு நா எழவில்லை. 'கொழும்பில் பயோடெக்னோலொஜி, வெளிநாட்டுப் பட்டம்' என்று சொன்னால் கேட்டவர் ஒரு கணம் வாயடைத்துப் போகிறார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நாம் வளவை ஈடு வைக்கிறோம். வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். அதனாலேதான் பெறுபேறு வெளியான வாரத்தில், காயம் பச்சையாக இருக்கும்போது, விளம்பரம் வருகிறது.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசியல்வாதியின் ஒரு பொய்யைத் துருவித் துருவி எழுதும் நாம், முழுப்பக்க வர்ண விளம்பரத்தின் பொய்யை ஒருபோதும் தொட்டதில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேட்க ஒரு நாள் போதும். நான் அனுப்பவில்லை. எனக்குப் பின்னர் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் அனுப்பவில்லை. சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்பது விளக்கமே தவிர நியாயமாகாது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னர் பெற்றோர் கேட்க வேண்டிய சில கேள்விகளை இங்கே எழுதுகிறேன். பட்டத்தை வழங்குவது யார்? உள்ளூர் நிறுவனமாயின், 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டத்தை வழங்க அதற்கு அதிகாரம் உண்டா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாயின், அதை எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? இக்கேள்வியை நிறுவனத்தின் முகவரிடம் கேட்காதீர்கள். ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேளுங்கள். கட்டணம் ரூபாயிலா, வெளிநாட்டு நாணயத்திலா? இரசாயனவியலும் புள்ளிவிபரவியலும் எத்தனை பருவங்கள்? ஒரு வாரத்தில் பிள்ளை தன் கையால் எத்தனை மணித்தியாலம் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும்? இறுதி வருட ஆய்வு உண்மையான ஆய்வா, அல்லது இணையத்திலிருந்து தொகுக்கும் கட்டுரையா? நிரந்தர விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? இரண்டு வருடங்களுக்கு முன்னர் படித்து முடித்த ஐந்து பேரின் தொலைபேசி இலக்கங்களைத் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு முகவர் தயங்கினால், எழுந்து வந்துவிடுங்கள். தேநீர் தருவதாகச் சொன்னாலும் நிற்க வேண்டாம்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலுள்ள மருமகளின் படிப்புக்கு மாதாமாதம் நீங்கள் அனுப்பும் பணம், குளிரில் இரவு வேலை செய்து உழைத்த பணம். அதை அனுப்பும்போது இந்தக் கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். அதே பணம் நான்கு வருடங்கள் வங்கியில் இருந்தால், அந்தப் பிள்ளை ஊரில் இலவசமாக ஒரு விஞ்ஞானச் சிறப்புப் பட்டத்தை முடித்த பின்னர், உயிர்த் தொழில்நுட்பத்தில் உண்மையான ஒரு முதுநிலைப் பட்டத்துக்கு உதவும்.

தபாலதிபர் ஐயாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் அந்த உயிரியல் விஞ்ஞான இடத்தைப் பேத்தி ஏற்றுக்கொள்ளட்டும் என்றேன். "அது வெறும் பி.எஸ்சி. தானே ஐயா" என்றார். அந்த 'வெறும்' என்ற சொல்லை எங்களுக்குப் பழக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதைச் சொன்னேன். முதல் வருடத்தில் இரசாயனவியலை விடாமல் எடுக்கச் சொல்லுங்கள், சிறப்புக் கற்கைக்குத் தெரிவாகும் அளவுக்குப் படிக்கச் சொல்லுங்கள், ஆங்கிலத்தையும் புள்ளிவிபரவியலையும் கூடவே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான்கு வருடத்தின் பின்னரும் உயிர்த் தொழில்நுட்பத்தில் ஆசை இருந்தால் அப்பொழுது நான் உயிரோடிருந்தால் நானே விண்ணப்பம் எழுத உதவுகிறேன் என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "இதை நீங்கள் அண்டைக்கே எழுதியிருக்கலாம்" என்றார்.

எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இன்று எழுதியிருக்கிறேன். 2003இல் நான் எழுதிய கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் எவரேனும் இருந்தால், தயவுசெய்து அதைக் கிழித்தெறிந்துவிட்டு இதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.